அதே சுத்தியல், அதே அடி

அன்பர்களே, வணக்கம்.

ஸ்வீடனின் ஹேமர்ஃபால் என்ற மெட்டல் இசைக்குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அவர்கள் போட்ட பதின்மூன்று ஆல்பமும் ஒரே ஆல்பம்தானே? எதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாய்?" கேலிதான். ஆனாலும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. 1997இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தையும் 2024இல் வந்த பதின்மூன்றாவதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடுவில் 27 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன என்று சட்டென்று பிடிபடாது. பழையன கழிதலும் புதியன புகுதலும் உலக வழக்கு, இவர்கள் மட்டும் ஏன் இப்படி உறைந்து நிற்கிறார்கள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஒரு குழு மாறாமல் இருக்க வேண்டுமென்றால் அது என்ன பாடு பட வேண்டும்?

கதை கோத்தன்பர்க்கில் தொடங்குகிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம். தொண்ணூறுகளின் முதல் பாதியில் கடுமையான இசை கேட்பவர்கள் எல்லோரும் அந்த ஊர்ப் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் தேடிப் போனது ஹேமர்ஃபால் வாசிக்கும் பவர் மெட்டலை, அதாவது வேகமான டிரம்ஸும் உச்சக் குரலும் கூடவே பாடவைக்கும் பல்லவியும் சேர்ந்த இசையை இல்லை; டெத் மெட்டலை. அடித்தொண்டையில் உறுமிப் பாடும் அந்த இசைக்குள் இரட்டைக் கிட்டார் மெட்டுகளை நுழைத்து, முரட்டுத்தனமும் இனிமையும் ஒன்றாக ஒலிக்கும்படி செய்தார்கள் அந்த ஊர் இளைஞர்கள். அட் த கேட்ஸ், இன் ஃபிளேம்ஸ், டார்க் ட்ராங்குவிலிட்டி என்று மூன்று குழுக்கள். 'கோத்தன்பர்க் ஒலி' என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. அன்றைக்கு அதைவிடப் புதிய சத்தம் மெட்டலில் இல்லை.

1993இல் ஆஸ்கர் ட்ரோன்யாக் என்ற 21 வயது இளைஞர் தான் இருந்த டெத் மெட்டல் குழுவை விட்டு வெளியே வந்தார். அவருக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட், அக்செப்ட் ஆகிய பழைய மெட்டல் குழுக்களைப் போல எண்பதுகளின் பாணியில் வாசிக்க ஆசை. துணைக்கு யாரை அழைத்தார் தெரியுமா? டிரம்ஸ் வாசிக்க யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாட். இன் ஃபிளேம்ஸை நிறுவியவர். பிறகு பாட வந்தவர் மிக்கேல் ஸ்டான்னே, டார்க் ட்ராங்குவிலிட்டிக்காரர். பகலெல்லாம் ஊரின் ஆகப் புதிய இசையைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே கைகள், பொழுதுபோக்காக ஆகப் பழைய இசையை வாசித்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் குழுவில் முதலில் பிடித்த விஷயம் இதுதான். புதியது தெரியாததால் பழையதில் ஒதுங்கியவர்கள் இல்லை இவர்கள். புதியதைச் செய்தவர்களே இவர்கள்தான்.

ராக்ஸ்லாகெட் என்றொரு உள்ளூர் இசைப்போட்டி. பெரும்பாலும் அதற்காக மட்டுமே கூடிக் கலையும் குழுவாக ஹேமர்ஃபால் சில வருடம் இருந்தது. 1996இல் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு ஸ்டான்னேவால் வர முடியவில்லை. யோவாக்கிம் கான்ஸ் என்ற பாடகரை அவசரமாகக் கூட்டிவந்தார்கள். கூட்டம் கொண்டாடியது, நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. (நடுவர்கள் எல்லாக் காலத்திலும் நடுவர்கள்தான்.) ஆனால் அந்தக் குரல் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு சிறிய டச்சு இசை வெளியீட்டு நிறுவனம் முதலில் கை கொடுத்தது. அடுத்து ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட் எடுத்துக்கொண்டது. 1997 ஜூனில் 'குளோரி டு த பிரேவ்' வெளியானது.

அது எப்படிப்பட்ட நேரம் என்று நினைத்துப் பாருங்கள். 1991இல் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழு வந்து, உச்சக் குரலில் பாடுவதையும் தோல் உடையையும் நீண்ட கிட்டார் தனி வாசிப்பையும் ஒரே அடியில் கேலிப்பொருள் ஆக்கிவிட்டது. இந்த வகை இசைக்கே தாய்வீடான ஜெர்மனியின் ஹெலோவீன் குழு தடுமாறி, 1993இல் 'கமீலியன்' என்ற ஆல்பத்தில் தன் அடையாளத்தையே விட்டு விலகிப் பார்த்தது. ரசிகர்கள் பின்னால் போகவில்லை. பாடகர் மைக்கேல் கிஸ்கேயும் குழுவில் நிலைக்கவில்லை. அப்படிப்பட்ட தசாப்தத்தில்தான் இவர்கள் டிராகனும் வாளும் வீரர்களும் நிறைந்த பாட்டோடு வந்து நின்றார்கள். அட்டையில் கையில் சுத்தியலோடு ஹெக்டர் என்ற மாவீரன். மரபில் நிற்பது சௌகரியமான வேலை என்று இன்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அதைவிடக் கூச்சம் தரும் வேலை வேறு இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆல்பத்தைப் பதிவு செய்த இடம் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட்ரிக் நூர்ட்ஸ்ட்ரோமின் ஸ்டுடியோ ஃப்ரெட்மன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அட் த கேட்ஸின் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்' உருவானதும் அங்கேதான். புதியதும் பழையதும் ஒரே ஒலிக்கூடத்தில் பிறந்தன.

சரி, எதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பவர் மெட்டலின் முதுகெலும்பு டிரம்மரின் கால். இரண்டு பாதங்களும் மாறி மாறிப் பெரிய டிரம்மை மிதிக்கின்றன. நிமிடத்துக்கு 180 அடி வேகமுள்ள பாட்டில் ஒவ்வொரு அடிக்குள்ளும் நான்கு மிதி விழுந்தால், ஒரு நொடிக்குப் பன்னிரண்டு. ஒரு காலுக்கு ஆறு. ஒரு முழுப் பாட்டுக்கும் இது சீராக இருக்க வேண்டும். பிசகினால் மறைக்க இடமே கிடையாது, ஏனென்றால் மேலே மெட்டு அவ்வளவு தெளிவாக ஓடுகிறது. உறுமலும் இரைச்சலும் நிறைந்த இசையில் சிறு தவறு மூழ்கிப் போகும். இங்கே அது துருத்திக்கொண்டு நிற்கும்.

அதன் மேல் இரண்டு கிட்டார்கள். ஒன்று மெட்டை வாசிக்க, மற்றது அதே மெட்டை மூன்றாம் ஸ்வரம் தள்ளி வாசித்துக்கொண்டு கூடவே வரும். இரண்டு பேர் கைகோத்து ஓடுவது போல. ஒருவர் அரை நொடி முந்தினாலும் இருவரும் விழ வேண்டியதுதான்.

அதற்கும் மேல் பல்லவி. எல்லாமே அதற்காகத்தான். மைதானத்தில் நிற்பவன் பாட்டை முதல்முறை கேட்கிறான்; இரண்டாம் முறை பல்லவி வரும்போது அவனும் சேர்ந்து பாட வேண்டும். அவ்வளவு எளிமையாக ஒரு மெட்டு போடுவது எவ்வளவு கடினம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிக்கலாக எழுதுவதற்கு உழைப்பு போதும். எளிமையாக எழுதுவதற்குப் பத்து மெட்டைத் தூக்கிப்போடும் மனம் வேண்டும்.

கடைசியாகக் குரல். முதல் ஆல்பம் வந்தபோது கான்ஸுக்கு 27 வயது. பதின்மூன்றாவதான 'அவெஞ்ச் த ஃபாலன்' வந்தபோது 54. கிட்டாருக்குப் புதுக் கம்பி மாற்றலாம், டிரம்ஸுக்குப் புதுத் தோல் போடலாம். தொண்டைக்கு என்ன செய்வது? பாணியை மாற்றிக்கொள்கிற பாடகருக்கு வயது ஒரு சலுகை தருகிறது: "முதிர்ச்சி அடைந்துவிட்டார்" என்று எழுதுவார்கள். மாற்றிக்கொள்ளாதவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் போட்டியிடுவது 27 வயதுத் தன்னோடு. அந்தப் பதிவு எல்லோர் கையிலும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மாறாமல் இருப்பது சோம்பல் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

ஆட்களும் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். டிரம்மர்கள் மாறினார்கள். பாஸ் வாசித்த ஃப்ரெட்ரிக் லார்ஸன் முதல் ஆல்பத்தோடு போய், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். பத்தாண்டுக்கு மேல் கிட்டார் வாசித்த ஸ்டெஃபான் எல்ம்கிரென் 2008இல் விலகியது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? விமானம் ஓட்டுவதற்கு! முதல் ஆல்பத்திலிருந்து இடைவிடாமல் இருப்பவர்கள் ட்ரோன்யாக், கான்ஸ் இருவர் மட்டும். புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பழைய ஒலியை முதலிலிருந்து கைமாற்ற வேண்டியிருந்திருக்கிறது.

புகழ்ந்துகொண்டே போனால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள். 2006இன் 'த்ரெஷோல்ட்', 2009இன் 'நோ சாக்ரிஃபைஸ், நோ விக்டரி' இரண்டிலும் எந்தப் பாட்டு எதில் என்று கேட்டால் நான் விழிப்பேன். வாளும் எஃகும் நெருப்பும் சலித்துப் போகும் பொழுதுகள் உண்டு. ஆனால் அந்த நெருப்பு எதிர்பாராத இடத்திலும் பற்றிக்கொள்ளும். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்வீடன் பெண்கள் கர்லிங் அணி, அதாவது பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுவார்களே அந்த விளையாட்டு, இந்தக் குழுவோடு சேர்ந்து 'ஹார்ட்ஸ் ஆன் ஃபயர்' பாட்டின் காணொளியில் நடித்தது. அணித்தலைவி அனெட் நோர்பெர்க் பனித்தரையில், பக்கத்தில் தோலுடையில் மெட்டல்காரர்கள். தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளத் தெரியாதவர்களால் இந்த இசையை இத்தனை ஆண்டுகள் வாசித்திருக்க முடியாது.

ஒரே ஒரு முறை மாறிப் பார்த்தார்கள். 2011, 'இன்ஃபெக்டட்'. அட்டையில் ஹெக்டரைக் காணோம். வைரஸ், நடைப்பிணம் என்று பேசுபொருள் வேறு; தயாரிப்பாளரும் புதியவர். கேட்டுப் பாருங்கள், மோசமான ஆல்பம் இல்லை. நல்ல பாட்டுகள்கூட இருக்கின்றன. ஆனால் இரவல் சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்கு வந்தவர் போல, உட்கார்ந்தால் கசங்கிவிடுமோ என்று ஒரு விறைப்பு அதில் தெரிகிறது. அதன் பிறகு குழு கொஞ்ச காலம் ஓய்வு எடுத்துக்கொண்டது. 2014இல் 'ரெவலூஷன்' வந்தபோது அட்டையில் மறுபடி ஹெக்டர். ஒலிப்பதிவுக்கு மறுபடி ஃப்ரெட்ரிக் நூர்ட்ஸ்ட்ரோம். என் கணக்கில் ஹேமர்ஃபால் மரபுக் குழுவானது அந்த ஆண்டில்தான். அதுவரை அவர்களுக்குப் பழகிய வழி அது ஒன்றே. வேறு வழியில் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டு, தெரிந்தே திரும்பி வந்தார்கள்.

முதலில் சொன்ன ஸ்ட்ரோம்ப்ளாட், ஸ்டான்னே இருவரும் என்ன ஆனார்கள்? இன் ஃபிளேம்ஸ் 2002 வாக்கில் தன் ஒலியை மாற்றத் தொடங்கியது. அதன் மூலம் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது. பழைய கூட்டத்தில் பலரை இழந்தது. ஸ்ட்ரோம்ப்ளாட் 2010இல் அதிலிருந்தும் விலகினார். பிறகு அவரும் ஸ்டான்னேவும் இன் ஃபிளேம்ஸின் பழைய ஆட்கள் சிலரும் 'த ஹேலோ எஃபெக்ட்' என்று ஒரு குழுவாகக் கூடினார்கள். 2022இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. அதில் என்ன வாசித்தார்கள்? தொண்ணூறுகளின் கோத்தன்பர்க் ஒலியை! அவர்கள் இளமையில் உலகத்துக்கே புதிதாகக் கொடுத்த அந்த இசைதான், கால் நூற்றாண்டு கழிந்ததும் அவர்கள் திரும்பி வந்து காக்கும் மரபாகிவிட்டது. ட்ரோன்யாக் 1993இல் எண்பதுகளை நோக்கிப் போனபோது அவருக்கும் எண்பதுகளுக்கும் இடையே பத்து வருடம்கூட இல்லை. இவர்கள் போக வேண்டியிருந்த தூரம் அதைவிட அதிகம்.

நேரம் ஆகிவிட்டது. இப்போது இரண்டு பாட்டுகளை ஒலிக்கவிடப் போகிறேன். ஒன்று 1997, மற்றொன்று 2024. எது முதலில் வருகிறது என்று சொல்ல மாட்டேன். கிட்டாரை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பல்லவி மேலே ஏறும் இடத்துக்கு முன்னால் பாடகர் மூச்சு இழுக்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள். கண்டுபிடித்தவர்கள் கையைத் தூக்குங்கள். விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.