எத்தனை கமெண்ட், எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டவர் மேல் இணையத்தில் கொட்டப்படும் வெறுப்பைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சமூகவியல் படித்தவள் இல்லை. ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறவள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் கவாசாகியில் குடியிருந்தேன். தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. அதனால் எனக்குத் தெரிந்த ஜப்பானை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

போன மாதம் என் அண்ணன் மகன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். மெக்கானிக்கல் படித்தவன். இரண்டு வருஷம் என்னிடமே மொழி கற்று, தேர்வும் எழுதி, நகோயா பக்கம் ஒரு வேலைக்கு அழைப்பும் வந்தாயிற்று. "அத்தை, நான் போகலை" என்றான். என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். ஜப்பானில் இந்தியர்கள் அதிகமாகிறார்கள் என்று ஒரு செய்தி, அதன் கீழே வந்த கமெண்டுகளை உட்கார்ந்து படித்திருக்கிறான். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லையாம். நான் சொல்லிக்கொடுத்த மொழி, இதற்கா பயன்பட வேண்டும்! நாற்றம், திருட்டு, திரும்பிப் போ, இப்படியே போயிருக்கிறது. "அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான் அத்தை. நேர்ல குனிஞ்சு குனிஞ்சு கும்பிடுவாங்க, உள்ளுக்குள்ள இதுதான்" என்றான்.

நான் சமாதானம் சொல்லவில்லை. எத்தனை கமெண்ட் படித்தாய் என்றேன். அறுபது, எழுபது இருக்கும் என்றான். சரி, அதை எழுதியவர்கள் எத்தனை பேர்? சத்தமில்லை. எண்ணிவிட்டுக் கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் எண்ணிச் சொன்ன கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

எத்தனை கமெண்ட், எத்தனை பேர் என்று நான் எல்லாரையும் கேட்பேன். என் மாணவர்கள் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள். இந்தப் பழக்கம் வந்தது 2017-இல் ஜப்பானில் நடந்த ஒரு விஷயத்தால். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்கு வந்த கொரியர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று சில பள்ளிக்கூடங்கள் உண்டு. அந்தப் பள்ளிகளின் மானியத்தில் கை வைப்பது சரியில்லை என்று சில வழக்கறிஞர் சங்கங்கள் அறிக்கை விட்டன. நடந்தது அவ்வளவுதான். ஜப்பானில் ஒரு வக்கீல் தப்புச் செய்ததாக நினைத்தால் யார் வேண்டுமானாலும் அவருடைய சங்கத்துக்கு எழுதி நடவடிக்கை கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணையத்தில் பெயர் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், இந்த வக்கீல்கள் எல்லாம் தேசத் துரோகிகள், இவர்கள் மேல் புகார் அனுப்புங்கள் என்று ஆரம்பித்தார். படிவமும் தயார். பெயர், விலாசம் எழுதி முத்திரை குத்தினால் போதும். நாம் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர்கள் பெயர் முத்திரை குத்துவார்கள்.

வழக்கமாக வருஷத்துக்குச் சில ஆயிரம் புகார் வரும். அந்த ஒரு வருஷத்தில் வந்தது சுமார் 1,30,000. அறிக்கையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வக்கீல்கள் மேலும் வந்தது. பெயர் கொரியப் பெயராக இருக்கிறது என்பதற்காக மட்டுமே சிலர் மேல் வந்தது. மூட்டை மூட்டையாகக் காகிதம் வந்து இறங்குவதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? ஒரு தேசமே திரண்டு வந்துவிட்டது என்றுதானே!

இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் மனசில் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 1,30,000 புகாரை எத்தனை பேர் அனுப்பியிருப்பார்கள்? நினைத்தாயிற்றா?

சுமார் ஆயிரம் பேர். தலைக்கு நூற்று முப்பது. ஜப்பானின் மக்கள்தொகை பன்னிரண்டு கோடிக்கு மேல். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எங்கள் அப்பா ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தார். அவர் மேல் மேலதிகாரிக்கு மொட்டைக் கடுதாசி போகும். ஒருமுறை மூன்று கடுதாசி ஒரே வாரத்தில் போயிருக்கிறது. ஒன்று நீல மை, ஒன்று சிவப்பு, ஒன்று பென்சில். கீழே "ஊர்ப் பொதுமக்கள்" என்று போட்டிருந்தது. அதிகாரி அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார். மூன்றிலும் "நடவெடிக்கை", "நடவெடிக்கை", "நடவெடிக்கை". ஒரே எழுத்துப்பிழை. "பரவாயில்லை, ஊரே திரண்டு வந்து ஒரே மாதிரி தப்பாக எழுதியிருக்கிறது" என்றாராம். வக்கீல்கள் கதையைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் கடுதாசிதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாதிரி எழுதுகிறவர்களை ஜப்பானில் "நெட்டோ உயோகு" என்பார்கள், இணைய வலதுசாரி என்று அர்த்தம். வேலையில்லாமல் அறைக்குள்ளே அடைந்து கிடக்கும் இளவட்டங்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தங்கள் பெயர் வெளியே தெரியாது என்று நம்பிப் படிவம் அனுப்பியவர்கள் மேல், 2018-இல் வக்கீல்கள் சிலர் வழக்குப் போடக் கிளம்பினார்கள். மன்னிப்புக் கேட்டு, 50,000 யென் கட்டினால் சமாதானம் என்றும் சொன்னார்கள். அப்போதுதான் ஆட்கள் வெளியே வந்தார்கள். நாற்பது வயது, ஐம்பது, அதற்கும் மேல். வேலை, வீடு, குடும்பம் என்று இருக்கிறவர்கள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். நாட்டுக்கு ஏதோ நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் என்றார்கள். பலர் மேல் நஷ்ட ஈடு கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது.

கவாசாகிக்கு வருகிறேன். அங்கே சகுராமோதோ என்று கொரியர்கள் நிறைய வாழும் பகுதி. 2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் அந்தப் பகுதியைக் குறிவைத்து, வெளியே போ என்று கத்திக்கொண்டு ஊர்வலம் விட்டார்கள். இணையத்தில் எழுதியது தெருவுக்கு வந்துவிட்டது. 2016-இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. அது அமலுக்கு வந்தது ஜூன் 3. இரண்டே நாளில், ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருந்த நகாஹாரா வட்டாரத்தில் ஒரு பூங்காவிலிருந்து அடுத்த ஊர்வலம். காய்கறி வாங்கப் போன நான் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ஊர்வலம் போக வந்தவர்கள் இருபது பேர் சொச்சம். அவர்களைப் போகவிடக் கூடாது என்று வந்து நின்றவர்கள் பல நூறு பேர். சிலர் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஊர்வலம் சில அடி தூரம்கூடச் சரியாக நகரவில்லை, அப்படியே கைவிட்டார்கள். கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்ற என்னிடம் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, வெயிலாக இருக்கிறது, தொப்பி போட்டுக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்டார். 2019 டிசம்பரில் கவாசாகி நகராட்சி, திரும்பத் திரும்ப இப்படி வெறுப்புப் பேசினால் ஐந்து லட்சம் யென் வரை அபராதம் என்று விதியே போட்டது. ஜப்பானில் வேறெந்த ஊரும் அதற்கு முன் அப்படி அபராதம் வைத்ததில்லை.

சரி, பையன் எண்ணினானா? எண்ணினான். மொத்தம் அறுபத்தெட்டு கமெண்ட். எழுதியவர்கள் இருபத்து மூன்று பேர். அதில் ஒரே ஆள் பதினேழு. எனக்கு உள்ளுக்குள் ஒரே வெற்றிக் களிப்பு. அப்புறம் அவன் கேட்டான்: "எல்லாம் சரி அத்தை, லைக் போட்டவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்களே, அவங்க யாரு?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நியாயமான கேள்வி. எழுதுகிறவன் ஒருவன், தலையாட்டுகிறவர்கள் நூறு பேர், ஒன்றும் சொல்லாமல் பயப்படுகிறவர்கள் ஆயிரம் பேர். 2025 ஆகஸ்டில் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா, நான்கு ஊர்களை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் "சொந்த ஊர்" என்று அறிவித்தது. கிசராசு நைஜீரியாவுக்கு, சான்ஜோ கானாவுக்கு என்று இப்படி. ஊர்களுக்குள் போக்குவரத்து, பழக்கம் ஏற்படட்டும் என்றுதான். தனி விசா கொடுக்கப் போகிறார்கள் என்று நைஜீரியா அரசுத் தரப்பில் ஒரு தப்பான அறிக்கை வந்தது, பிறகு திருத்தினார்கள். அதற்குள் ஊரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பரவிவிட்டது. நகராட்சி அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் போனும் மின்னஞ்சலும். செப்டம்பரில் திட்டத்தையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆக, கொஞ்சம் பேர்தான் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. இதையும் நான் அவனிடம் ஒத்துக்கொண்டேன்.

ஆனால் 2023 மார்ச் மாதத்தை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பரப்பினார்களே. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. தமிழர்களே இப்படித்தான் என்று எழுதினார்கள். எங்கள் அண்ணன் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் பீகார்ப் பையன்கள். அவர்களோடு ஒன்றாக டீ குடிக்கிறவன் இவன். "நம்மளையா இப்படிச் சொல்றாங்க" என்று அப்போது கொதித்தானே, அதே பையன்தான் இன்றைக்கு "அந்த ஊர்க்காரங்களே" என்கிறான். இதற்கும் சத்தமில்லை. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறான். போவானா, தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தோக்கியோவில் நிஷிகசாய் என்று இந்தியர்கள் நிறைய வாழும் பகுதியைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், அதற்கு நேரமில்லை. இது ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

1923 செப்டம்பர் 1, பெரிய பூகம்பம். லட்சத்துக்கு மேல் சாவு. கிணற்றில் கொரியர்கள் விஷம் கலந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. இணையம் இல்லாத காலம், வாயால் பரவியதே போதுமானதாக இருந்தது. கும்பல்கள் தடியோடு இறங்கி ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. கவாசாகிக்கு அடுத்த ரயில் நிலையம் த்சுருமி. அங்கே காவல் நிலையத் தலைவர் ஓகாவா த்சுனெகிச்சி என்பவர் சுமார் 300 பேரை உள்ளே வைத்துக் காப்பாற்றினார். வெளியே கும்பல், அவர்களை எங்களிடம் விடு என்கிறது. விஷம் கலந்த தண்ணீர் என்கிறீர்களே, கொண்டு வாருங்கள், நான் குடிக்கிறேன் என்று சொல்லி, எல்லார் கண் முன்னாலும் குடித்தார் என்பார்கள். அந்த ஊரில் தோசென்ஜி என்று ஒரு கோயில். அங்கே 1953-இல் அவர் பெயரில் ஒரு கல் நட்டார்கள். நட்டவர்கள் கொரியர்கள். நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.