பெயர் சொல்வதும் சொல்லாததும்: சிடிசி முதல் வைஃபை வரை

அவையோருக்கு வணக்கம்.

தொழில்நுட்பங்களுக்கு எப்படிப் பெயர் சூட்டுகிறார்கள் என்பதைக் குன்னூரில் நின்றுகொண்டு பேச எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் ஏறும் பல் தண்டவாளத்துக்கு 'ஆப்ட் முறை' என்று பெயர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட்டின் பெயர் அது. ஒரு பட்டையின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக வரும்படி இரண்டு பட்டைகளைச் சற்றே தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். ஒரு பல் விடும்போது இன்னொன்று சக்கரத்தைப் பிடித்திருக்கும். பெயரில் இந்த நுட்பம் எதுவும் தெரியாது, ஆள் மட்டுமே தெரிவார்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலையைத் தூளாக்கும் 'சிடிசி' முறை, வேலையையே சொல்லும் பெயர். நசுக்கு, கிழி, சுருட்டு என்ற மூன்று ஆங்கில வினைகளின் முதலெழுத்துகள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வேகம். அந்த வேக வித்தியாசம்தான் இலையைக் கிழிக்கிறது. பல் மழுங்கினால் இலை சரியாகக் கிழியாமல் நசுங்கிச் சூடேறும். மூன்றில் எந்த வினை நடக்கவில்லை என்று கேட்டாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

தேயிலைத் தூளின் தர எழுத்துகள் வேறு விதம். பிஓபி, அதாவது 'புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ'வில் வரும் 'ஆரஞ்சு'க்கும் பழச்சுவைக்கும் தொடர்பில்லை. 'பெக்கோ' கொழுந்தின் வெண்மயிரைக் குறித்த சீனச் சொல். இன்று அந்த எழுத்துகள் சல்லடை பிரித்த துகளின் அளவைத்தான் காட்டுகின்றன. சுவை தெரிய வேண்டுமா? தேநீர் சுவை பார்ப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 3103 சொல்கிறபடி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள் போட்டு, 6 நிமிடம் ஊறவிட்டு, குடித்துத்தான் பார்க்க வேண்டும்.

கணினிக்கு வருவோம். வீட்டில் நாம் பயன்படுத்தும் வைஃபையின் தொழில்நுட்பப் பெயர் 802.11. அதில் 11 என்பது, வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஐஇஇஇ அமைப்பின் 802 குழுவில் பதினோராம் பணிக்குழு. பின்னால் ஒட்டும் எழுத்து, வேலை தொடங்கிய வரிசை. அதனால்தான் 1999இல் வந்த 'ஏ' நொடிக்கு 54 மெகாபிட், 'பி' வெறும் 11. எழுத்தை வைத்து வேகத்தை எடைபோட்டவர்கள் ஏமாந்தார்கள். குழுவுக்கு எண் போதும், கடைக்குப் போதாது. ஆகவே 1999இல் ஒரு பெயர்சூட்டும் நிறுவனம் 'வைஃபை' என்ற சொல்லை உருவாக்கித் தந்தது. அதற்கு 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்ற விரிவு பிறகு விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. தமிழில் 'அருகலை' என்கிறோம். அருகில் பரவும் அலை என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. தலைமுறைகளுக்கு 4, 5, 6 என்று எளிய எண் வந்தது 2018இல்தான்.

புளூடூத் ஒரு தற்காலிகப் பெயர். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயரை, இன்டெலின் ஜிம் கர்டாக் திட்டத்துக்கான புனைபெயராக முன்மொழிந்தார். நிலையான பெயராக நினைத்திருந்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே எங்கும் புழங்கியது. மற்றதற்கு வணிகக்குறித் தேடலை, அதாவது அந்தப் பெயரை வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்ற தேடலை, முடிக்க நேரமில்லை. 1998இல் கையிலிருந்த பெயரே வெளியே போனது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வணிகக்குறித் தேடலை வெளியீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குங்கள்.

மிகப் பெரிய குழப்பம் யுஎஸ்பியில் நடந்தது. 2008இல் 'யுஎஸ்பி 3.0' என்று வந்த நொடிக்கு 5 கிகாபிட் வேகத்துக்கே பிறகு '3.1 ஜென் 1' என்றும் '3.2 ஜென் 1' என்றும் பெயர் மாற்றினார்கள். பெட்டியில் எண் கூடியது, உள்ளே வேகம் அப்படியே இருந்தது. பழைய பொருளுக்குப் புதுப் பெயர் சூட்டியதுதான் தவறு; வாங்குபவருக்கு இது அநியாயம் என்றே சொல்வேன். 2022இல் வேகத்தையே பெயராக்கினார்கள்: 5, 10, 20, 40 கிகாபிட். 'டைப்-சி' என்பதும் முனையின் வடிவம் மட்டுமே. 480 மெகாபிட் மட்டும் கடத்தும் கேபிளுக்கும் அதே முனை இருக்கலாம். கேபிள் வாங்கும்போது பதிப்பு எண்ணை விடுங்கள். கிகாபிட் எவ்வளவு, கடத்தும் மின்திறன் 60 வாட்டா 240 வாட்டா என்று பெட்டியில் தேடிப் பாருங்கள்.