டீச்சரம்மா படத்திறப்பில் பேசியது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, காங்கயத்திலிருந்து அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்து டீச்சரம்மாவின் படத்தைத் திறந்துவைத்த வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத்தின் இந்நாள் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே (இவர்கள் இருவரும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே டீச்சரம்மாவுக்குச் செய்த பெரிய மரியாதை), கோயில் அறங்காவலர் அவர்களே, திருப்பூரிலிருந்து வந்திருக்கும் பனியன் கம்பெனி முதலாளிகளே, பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களே, பந்தலில் இடம் இல்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் தம்பிமார்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்குப் போட்ட துண்டை இந்த மைக் செட் தம்பிக்குப் போடுகிறேன். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான்.

ஆசிரியை, மனைவி, பாட்டி என்று மூன்று தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாம். நான் சேரன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். வண்டியை நேரத்துக்கு எடுத்துப் பழகியவன்தான். ஆனால் மைக் கிடைத்தால் எந்த நிறுத்தத்தில் இறங்குவேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் அப்பன் ஒரு பழமொழி சொல்வார். அகல உழுவதைவிட ஆழ உழு. நம்ம மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து ஏக்கரை மேலாகக் கீறி வைத்தால் வருகிற ஒரு மழையும் ஓடிப்போகும். டீச்சரம்மா ஆழ உழுதவர். 1962-ல் கோயமுத்தூரில் பயிற்சி முடித்து வேலைக்கு வந்தார். இருபது வயது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். 1967-ல் நம்ம பள்ளிக்கு மாறுதல். 2000-ல் ஓய்வு பெறும் வரைக்கும் இதே இரண்டு அறை, இதே வேப்பமரம். முப்பத்து மூன்று வருஷம்.

இன்றைக்கு டீச்சர் வேலை என்றால் பெண் கொடுக்க நீ நான் என்று வருகிறார்கள். அன்றைக்கு ஒன்றியப் பள்ளி. சம்பளம் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வர வேண்டும். வந்தால் உண்டு. 1981-ல்தான் எம்.ஜி.ஆர். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக ஆக்கினார். அதற்கு முன் சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலும் டீச்சரம்மா ஒரு நாள் முகம் சுளித்து நாங்கள் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஆனால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். கையெல்லாம் கருப்பு. அந்தக் கையோடு வீட்டுக்குப் போனால் அம்மா திட்டும். டீச்சரம்மாவின் கையும் அப்படித்தான் இருக்கும். அவரை அவர் மாமியார் திட்டும்.

மன்னிக்க வேண்டும், பால் சங்கச் செயலாளரை விட்டுவிட்டேன். அய்யா முன் வரிசையிலேயே இருக்கிறீர்கள், கண் தெரியவில்லை. உங்களுக்கும் வணக்கம். இன்றைக்குக் கூட்டத்துக்கு மோர் உங்கள் உபயம் என்று சொன்னார்கள். நன்றி.

அந்த ஆட்டுக் கதையைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். தெரிந்தவர்கள் தெரியாத மாதிரி கேளுங்கள்.

எனக்கு ஒரு வகுப்பு கீழே ஒரு பையன் படித்தான். படித்தான் என்பதைவிடப் பேர் இருந்தது என்று சொல்லலாம். அவன் அப்பனுக்குச் சொந்தமாகக் காடு கிடையாது. இருபத்து இரண்டு வெள்ளாடு. நம்ம ஊரில் கொறங்காடு வைத்திருப்பவனுக்கு ஆள் தேவையில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நாலு வெள்வேல மரம். காலையில் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் போய் ஓட்டிக்கொண்டு வரலாம். காடு இல்லாதவன் ரோட்டோரத்தில்தான் மேய்க்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். அந்த ஆள்தான் இந்தப் பையன்.

டீச்சரம்மா அவன் வீட்டுக்கு நாலு தடவை போனார். அஞ்சாவது தடவை அவன் அப்பன் கேட்டார். "ஏனுங் டீச்சர், பையன் பள்ளிக்கூடம் வந்தா ஆட்டை நீங்க மேய்க்கறீங்களா?"

"மேய்ச்சாப் போகுது. நாளைக்கு ஓட்டியாங்க" என்றார் டீச்சரம்மா.

மறுநாள் இருபத்து இரண்டு ஆடும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டன. பள்ளிக்குப் பின்னால் இருந்த கொறங்காடு டீச்சரம்மா வீட்டுக்காரருடையது. படலைத் திறந்து உள்ளே விடச் சொல்லிவிட்டார். மாமியார் விடுவாரா? செம்மறி மேய்கிற காட்டுக்குள் அடுத்தவன் வெள்ளாடு! வெள்ளாடு புல்லோடு நிற்குமா, வேலியையும் சேர்த்துத் தின்னும். தெருவில் நின்று கத்தினார். டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு உள்பக்கமாக முள்ளை வெட்டி அடைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

ஆறேழு மாதம் கழித்துப் பள்ளியைப் பார்வையிடத் துணை ஆய்வாளர் வந்தார். அந்தக் காலத்தில் துணை ஆய்வாளர் என்றால் கலெக்டர் மாதிரி. மேஜைக்குத் துணி விரித்து, செவ்வந்தி மாலை ஒன்று வைத்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பின்வாசல் வழியாக ஒரு கிடா நிதானமாக உள்ளே வந்தது. ஆய்வாளரைப் பார்த்தது. மேஜையைப் பார்த்தது. மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

யாரும் மூச்சு விடவில்லை. ஆய்வாளர், "யார் ஆடு இது?" என்றார். நம்ம பையன் எழுந்தான். "எங்கூட்டு ஆடுங் சார். ரெண்டாங் கிளாஸ்."

"ஆடு ரெண்டாங் கிளாஸா?"

"இல்லீங் சார், நானுங்க. ஆடு எதுவும் படிக்கலீங்."

ஆய்வாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் டீச்சரம்மா நடந்ததை எல்லாம் சொன்னார், மாமியார் திட்டியதை மட்டும் விட்டுவிட்டு. அன்றைக்கு அவர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனதாக டீச்சரம்மா கடைசி வரை சொல்லிச் சிரிப்பார். "வருகை: மாணவர் 41, ஆடு 1."

அந்தப் பையன் இங்கேதான் இருக்கிறார். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். கால்நடைத் துறையில் வேலைக்குப் போய் கால்நடை ஆய்வாளராக ஓய்வு பெற்றார். ஆய்வாளர் முன்னால் ஆட்டோடு நின்றவர், ஆட்டுக்கே ஆய்வாளர் ஆகிவிட்டார். கை தட்டுங்கள். இதைத்தான் சொன்னேன், அகல உழுவதைவிட ஆழ உழு. ஒரு பையனுக்கு அஞ்சு நடை.

அப்படி அவர் நடந்த நடையை எண்ணி முடியாது. 1980-களில் திருப்பூரில் பனியன் தொழில் பெருகியபோது, நம்ம ஊரிலிருந்து கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடிக்கிற வேலைக்கு, பிள்ளைகள் விடிகாலை பஸ்ஸில் ஏறுவார்கள். நான்தான் டிக்கெட் கொடுத்தேன். அரை டிக்கெட். டீச்சரம்மா ஒரு நாள் நிறுத்தத்துக்கு வந்து, "நீ கிழிக்கற அரை டிக்கெட் ஒவ்வொண்ணும் என் வருகைப் பதிவேட்டுல ஒரு ஆப்சென்ட்டு" என்றார். பஸ் முழுக்கக் கேட்டது. பதில் சொல்லத் தெரியாமல் விசில் அடித்தேன்.

சரி, இரண்டாவது தலைப்பு, மனைவி. முள் அடைத்த கதையில் பாதி சொல்லிவிட்டேன். ஊரே அவரை "டீச்சர் ஊட்டுக்காரர்" என்றுதான் கூப்பிட்டது. ஒரு நாளும் அவர் அதற்கு வருத்தப்பட்டதில்லை. இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

ஏனென்றால் வேறொன்று சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா பேரில் ஊர் முகப்பில் வளைவு கட்ட வசூல் நோட்டுப் போட்டிருக்கிறீர்கள். நல்ல காரியம்தான். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் எனக்குத் தலை எண்ணுகிற புத்தி போகவில்லை. தினமும் காலையில் நிறுத்தத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஏழேகாலுக்குத் தனியார் பள்ளியின் முதல் மஞ்சள் வண்டி. எட்டரைக்குள் அஞ்சு வண்டி. நம்ம ஊர்ப் பிள்ளைகள் மட்டும் அறுபத்து ஒன்று. டீச்சரம்மாவின் பள்ளியில் இருப்பது பதினேழு. அதில் ஒன்பது பேர் தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்து "ஏனுங் தாத்தா, பஸ்ஸு போயிருச்சுங்களா" என்று கேட்கின்றன. நம்ம பேச்சு அங்கே இருக்கிறது. வண்டியில் போகிற நம்ம பேரப்பிள்ளைகள் "தாத்தா பை" என்கின்றன.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். நம்ம பள்ளியில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பதினேழு பிள்ளைகளுக்கு. நீங்கள் பணம் கட்டுகிற இடத்தில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டதுண்டா? 2023-லிருந்து அரசு தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் காலைச் சாப்பாடும் உண்டு. ஏழேகால் வண்டிக்குப் பிள்ளையை எழுப்பி, வாயில் இட்லியைத் திணித்து ஓட்டுகிற தாய்மார்கள் யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கீடு, 2020-லிருந்து நடக்கிறது. இதெல்லாம் கல்வி அலுவலர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். எனக்குப் புரிவது பஸ் கணக்குதான். ஆள் ஏறாத தடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தின தடத்தை மறுபடி வாங்க எத்தனை மனு கொடுக்க வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும்.

சிவன்மலை முருகன் கனவில் வந்து சொல்கிற பொருளைக் கோயிலில் ஒரு பெட்டியில் வைப்பார்களே, அந்த ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் ஒரு சிலேட்டை வைக்கச் சொல்லி யார் கனவிலாவது வர மாட்டாரா என்றுகூட நினைத்திருக்கிறேன். வந்தால் நாளைக்கே ஊர் முழுக்கப் பிள்ளைகளை நம்ம பள்ளியில் சேர்த்துவிடும். டீச்சரம்மா சொன்னால் கேட்காது. அகல உழுகிறோம் நாம். அஞ்சு வண்டி, அஞ்சு திசை.

மூன்றாவது, பாட்டி. பேரன் வெளிநாட்டில் இருக்கிறான். வாராவாரம் வீடியோவில் வருவான். நலம் விசாரித்த கையோடு டீச்சரம்மா "நோட்டை எடு, சொல்வதை எழுது" என்பார். எழுதினதைத் திருப்பிக் காட்டச் சொல்லி, 'ழ'வுக்கு வால் இல்லை என்று படுக்கையில் கிடந்தபடியே திருத்தினார். இன்னும் சொல்லலாம். பேரனே முன்னால் இருக்கிறான், கண்ணைத் துடைக்கிறான். வேண்டாம்.

அந்த மேஜையில் வளைவு வசூல் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஜூனில் பள்ளியில் சேர்க்கப் போகிற பிள்ளைகளின் பேர் எழுத. இரண்டு மணி நேரமாக வெள்ளையாக இருக்கிறது. "ஊருக்குச் சொல்றியே, உன் பேத்தி எதுல போறா?" என்று கேட்கப் போகிறீர்கள். இரண்டாவது வண்டியில் போகிறாள். அதனால்தான் நான் முதலில் எழுதவில்லை. இப்போது இறங்கிப் போய் எழுதப் போகிறேன். என் மருமகள் மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அது முறைக்கிறது இங்கேயே தெரிகிறது. யாராவது ஒரு பேனா கொடுங்கள்.