பின்சீட்டுக்கு ஒரு கார், ஸ்டியரிங்குக்கு ஒரு கார்

சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

என் அப்பா சிங்கப்பூரின் கத்தோங்கில் ஒரு தவுக்கேயிடம், அதாவது ஒரு முதலாளியிடம், டிரைவராக இருந்தார். அவர் ஓட்டியது ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ. பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போய், கையில் மான்தோல் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார். "கதவ அறைஞ்சு சாத்தாதடா. உள்ளங்கைய வச்சு அழுத்து" என்பார்.

போன மாதம் நண்பர் ஒருவர் தம் பிஎம்டபிள்யூ எம்5இல் என்னை ஏற்றிக்கொண்டு சுற்றினார். 2011இல் வந்த ரகம். அன்றிலிருந்து இரண்டு கார்களும் மனத்துக்குள் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

எண்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். எம்5க்கு 4.4 லிட்டர் எஞ்சின், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இரட்டை டர்போ, 560 குதிரைத்திறன். ஷேடோ 1965இல் வந்தபோது 6.2 லிட்டர். அதன் குதிரைத்திறனை அந்தக் காலத்தில் கம்பெனி வெளியிடவே இல்லை. நம் விரைவுச்சாலையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர் என்பதால் வேகப் பேச்சு இதோடு போதும்.

நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி. ஷேடோவைக் கட்டியவர்கள் பின்சீட்டுக்காரரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். சிட்ரோயன் என்ற பிரெஞ்சுக் கார் கம்பெனியிடம் உரிமம் வாங்கிய, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு, பின்னால் மூன்று பேர் ஏறினாலும் காரை மட்டமாகவே வைத்திருக்கும். எஞ்சின் ஓடுவதே உள்ளே தெரியக்கூடாது என்று பாடுபட்டார்கள். எம்5இல் கதை தலைகீழ். டர்போ, எஞ்சினின் முழக்கத்தை அமுக்கிவிடுகிறது, கண்ணாடியும் கதவும் மிச்சத்தை அடைத்துவிடுகின்றன. ஓட்டுபவருக்கு அது குறையாகப் படுமே என்று அந்தச் சத்தத்தை ஸ்பீக்கர் வழியே திரும்பக் கொடுக்கிறார்கள்! கேட்டதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு வளைவில் எந்தப் பின்சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்று கார் தானே பங்கிட்டுக்கொண்டு தரையைக் கவ்வியபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஷேடோ அப்படி வளையாது. அப்பா அப்படி வளைக்கவும் மாட்டார்.

அப்புறம் நம் ஊர்ச் சட்டம். எம்5க்கு 10 ஆண்டு சிஓஇ, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ். 35 வயது தாண்டிய காரைப் பழங்கார் திட்டத்தில் பதிந்தால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். அந்த நாள்களில் ஒன்றில் ஒரு ஷேடோ எதிரே வந்தால் ஓரமாக நின்று பாருங்கள்.

எம்5இலிருந்து இறங்கியதும் பழக்கத்தில் கதவு மேல் உள்ளங்கையை வைத்தேன். அழுத்துவதற்குள் உள்ளே ஒரு சின்ன மோட்டார் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.