நாலடி உயரத்துப் பிடிவாதம்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வாழ்ந்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் சமூகத்தை மாற்றியது பெரிதும் பதவியாலா, பிடிவாதத்தாலா? பிடிவாதத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். 1681-ல் இங்கிலாந்து அரசர் குவேக்கரான வில்லியம் பென்னுக்குப் பென்சில்வேனியா நிலத்தை எழுதிக்கொடுத்த பட்டயம், அங்கே பென் தந்த மதச் சுதந்திரம் எல்லாவற்றையும் அடுக்கினார். சரி, கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அக்கா இப்போது எழுந்துவந்து குகையில் குடியிருந்த ஒரு குள்ளர் கதையைச் சொல்வார் பாருங்கள். நாலடி ஆளால் எந்த நாடு மாறியது?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

தம்பி, அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

1738-ஆம் ஆண்டு. நியூ ஜெர்சியில் பர்லிங்டன் என்ற ஊர். குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. அவர்கள் கூடும் இடத்தில் பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளம் தூண்டுகிறதோ அவர் எழுந்து பேசுவார். ஆயுதம் தொடுவது பாவம் என்று நம்பியவர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெஞ்சமின் லே என்ற குவேக்கர் வருகிறார். தம்பி சொன்ன குள்ளர் இவர்தான். உயரம் நாலடிக்குக் கொஞ்சம்தான் மேலே. முதுகு கூன். மேலே பெரிய அங்கி. அங்கிக்கு உள்ளே படைவீரன் உடுப்பு, இடுப்பிலே வாள். கையில் ஒரு புத்தகம். பார்த்தால்தான் புத்தகம். தாள்களைக் குடைந்தெடுத்துவிட்டு, உள்ளே ஒரு விலங்கின் நீர்ப்பையை வைத்திருக்கிறார். அதில் போக்பெர்ரி என்ற காட்டுப்பழத்தின் சாறு. ரத்தம் மாதிரிச் சிவப்பு.

அவையில் இருந்த பெரிய மனிதர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். லே எழுந்தார். கடவுள் முன்னால் எல்லா மனிதரும் சமம் என்றார். அங்கியைத் தூக்கி எறிந்தார். வாளை உருவினார். சக மனிதரை அடிமையாக்குகிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்தவைப்பார் என்று சொல்லி, புத்தகத்தில் ஒரே குத்து! சாறு பீறிட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

நடுவர் அவர்களே, இந்தக் கதையை எத்தனையோ பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான் கொஞ்சம் கூடவே போகிறேன். சிவப்பு தெறித்த அந்த ஆளாக ஒரு நிமிடம் உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிகிறது. நேரே வீட்டுக்குப் போகிறீர்கள். கறைபட்ட சட்டையைக் கழற்றுகிறீர்கள். அதைத் துவைக்கப்போவது யார்? உங்கள் வீட்டு அடிமைப் பெண். சட்டையைக் கையில் வாங்கி, கறையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆயிற்று ஐயா?" என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? காட்டுப்பழச் சாறு என்பீர்களா? ஏன் தெறித்தது என்று அவள் கேட்டால்? துணியில் பட்ட கறை துவைத்தால் போய்விடும். அந்தக் கேள்வி போகுமா?

லேயைத் தூக்கி வெளியே போட்டார்கள். அது ஒன்றும் முதல் முறை அல்ல. ஒருமுறை இப்படித்தான் வெளியே தள்ளியபோது, மழைச்சேற்றில் வாசலை அடைத்துப் படுத்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் வரவேண்டும். நாலடி ஆளால் என்ன முடியும் என்று கேட்டீர்களே, தம்பி? நாலடி ஆள் வாசலில் படுத்தால் ஆறடி ஆளும் காலைத் தூக்கித்தான் தாண்டவேண்டும்!

இன்னொரு நாள், கடும் பனிக்காலம். ஒரு காலில் செருப்பில்லாமல் பனியில் நின்றுகொண்டிருந்தார். போகிறவர்களெல்லாம் இரக்கப்பட்டு, உடம்புக்கு வந்துவிடுமே என்றார்கள். "என்மேல் இரக்கப்படுகிறீர்கள். உங்கள் வயலில் அரைகுறை உடுப்போடு பனிக்காலம் முழுக்க உழைக்கிற அடிமைகள்மேல் இரக்கம் வரவில்லையே" என்றார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தொடமாட்டார். தன் உடுப்பைத் தானே நெய்துகொண்டார். குகையில் இருந்தார் என்று கிண்டல் செய்தீர்கள். ஆமாம், இருந்தார். இன்னொருவர் உழைப்பைப் பிடுங்காமல் ஒரு மனிதன் வாழமுடியும் என்று காட்டுவதற்காக இருந்தார். குள்ளர் என்றீர்கள். அவரே தன்னைச் 'சின்ன பெஞ்சமின்' என்றுதான் எழுதிக்கொண்டார். பைபிளில் ராட்சதன் கோலியாத்தை வீழ்த்திய தாவீதோடும் தன்னை ஒப்பிட்டுக்கொண்டார். உயரம் அவருக்குக் குறையாகவே படவில்லை.

அப்புறம், பதவி என்ன செய்தது என்று கேட்பீர்கள். பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்தான். 1684-ல் இசபெல்லா என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களோடு பிலடெல்பியாவுக்கு வந்தது. குவேக்கர் நகரம் அது. சில நாளிலேயே அத்தனை பேரும் விற்றுப்போனார்கள். 1688-ல் பிலடெல்பியா பக்கத்து ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறையை எதிர்த்து ஒரு மனு எழுதினார்கள். உள்ளூர்க் குவேக்கர்களின் மாதக் கூட்டம் அதைப் பார்த்து, நாங்கள் முடிவெடுக்க முடியாத பெரிய விஷயம் இது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் ஓரமாக வைத்துவிட்டது. பதவியில் இருந்தவர்கள் செய்தது இது. குவேக்கர்கள் தங்களில் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776-ல். நடுவே 88 ஆண்டு. அந்த 88 ஆண்டும் விடாமல் கதவைத் தட்டியவர்கள் யார்? லே தட்டினார். தையல்காரர் ஜான் வுல்மன் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்த் தட்டினார். அந்தோனி பெனசெட் கறுப்பினப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தே தட்டினார். இவர்களில் ஒருவரும் ஆளுநர் இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம், ஐயா.

லே இப்படி ஆனதற்குக் கரீபியக் கடலில் இருக்கிற பார்படோஸ் தீவுதான் காரணம். 1718-ல் மனைவி சாராவோடு அங்கே போய்க் கடை வைத்தார். சாராவும் அவரைப் போலவே குள்ளம், அவரைப் போலவே கூன். பசியோடு கடைக்கு வந்த அடிமைகளுக்கு இருவரும் உணவு கொடுத்தார்கள். அங்கே பீப்பாய் செய்கிற ஓர் அடிமைத் தொழிலாளி. அவருடைய எசமான் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் தன் அடிமைகளைச் சவுக்கால் அடிப்பவன். அந்தத் தொழிலாளி லேயிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். ஒரு ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கட்கிழமை என்பதற்காகவே, அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். லே இருபது ஆண்டு கழித்துத் தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். விடிந்தால் திங்கட்கிழமை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பர்லிங்டனில் அவர் வாளை உருவியபோது அந்த ஞாயிற்றுக்கிழமை இரவும் அவர் கையில் இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

சாரா 1735-ல் இறந்துபோனார். அதன்பிறகுதான் வாள், சாறு எல்லாம். 1738-லேயே லேயைச் சபை விலக்கிவிட்டது. இருபது ஆண்டு கழித்து, 1758-ல், அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபை நிர்வாகத்தில் சேர்ப்பதில்லை என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது. கிழவரைத் தேடிவந்து ஒருவர் அதைச் சொன்னார். கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, "இனி நான் நிம்மதியாகச் சாவேன்" என்றாராம். அடுத்த ஆண்டே காலமானார். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரின் குவேக்கர் இடுகாட்டில் சாராவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பெயர் எழுதிய கல் இல்லை.

2018-ல்தான் அந்த ஊர்ச் சபை இருவர் பெயரையும் பொறித்து அங்கே ஒரு கல் வைத்தது. விலக்கிவைத்து 280 ஆண்டு கழித்து. நன்றி, வணக்கம்.