புலி தின்னாத புல்

(கோத்தகிரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், குன்னூரிலிருந்தும் கட்டபெட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் நண்பர்களுக்கும், முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று பெருமையாகச் சொல்வோம். புலி தின்னாத அந்தப் புல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதுமலைப் புலியின் உடம்பில் ஓடுகிற ரத்தம் அத்தனையும் ஒரு காலத்தில் அந்தக் காட்டில் முளைத்த புல்லும் தழையும்தான். நடுவில் ஒரு கடமானோ, புள்ளிமானோ, காட்டுமாடோ அதைத் தின்று, செரித்து, இறைச்சியாக்கிக் கொடுத்தது. காட்டுக்குள் வண்டியில் போய்வந்தவர்கள், "ஒண்ணும் பாக்கல சார், வெறும் மான்தான்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த 'வெறும்' என்ற சொல் என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது.

நான் கால்நடை மருத்துவன். கூடலூரிலும் மசினகுடியிலும் பிறகு இந்தப் பக்கத்திலும் வேலை பார்த்தேன். நான் சிகிச்சை கொடுத்ததெல்லாம் வீட்டு மாடுகளுக்கு. ஆனால் பசுவின் வயிற்றை அறிந்தவனுக்குக் காட்டுமாட்டின் வயிறு புதிதல்ல. காட்டெருமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது எருமை இனமே இல்லை, மாட்டினம். சங்கப் புலவர்கள் அதை ஆமான் என்றார்கள். 'ஆ' என்றால் பசு. நம்மைவிட அவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இப்போது புல்லுக்கு வருகிறேன். நாம் சாப்பிடும் அரிசியின் மாவும், புல்லின் நாரும் ஒரே சர்க்கரையைக் கோத்துச் செய்த மாலைகள். கோத்த முடிச்சுதான் வேறு. அரிசியின் முடிச்சை நம் குடல் அவிழ்த்துவிடும். நாரின் முடிச்சை அவிழ்க்க நமக்குத் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது என்பதுதான் வியப்பு. மானுக்கும் யானைக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குத்தான் அந்த வித்தை தெரியும். ஆகவே புல் தின்னும் ஒவ்வொரு பெரிய விலங்கும் அந்த நுண்ணுயிர்களுக்குத் தன் வயிற்றில் இடம் கொடுத்து வளர்க்கிறது.

ஒரு பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையைப் பெருவயிறு என்போம். நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் தொட்டி அது. காட்டுமாட்டுக்கும் கடமானுக்கும் வரையாட்டுக்கும் அமைப்பு இதேதான். ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி விழுகிற இரவிலும் அந்தத் தொட்டிக்குள் ஏறத்தாழ 39 டிகிரி சூடு. காற்று புகாத அந்த வெதுவெதுப்பில் கோடானுகோடி உயிர்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. நொதித்து வரும் சத்தை மாடு எடுத்துக்கொள்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே நாலாவது அறைக்கு வந்து செரிக்கப்பட்டு, மாட்டுக்குப் புரதமாகின்றன. புல்லை மட்டும் தின்று ஆயிரம் கிலோ வரை உடம்பு வளர்க்கும் காட்டுக்காளைக்கு இப்படித்தான் சதை பிடிக்கிறது.

காலையில் அவசர அவசரமாக மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் சோலை நிழலில் போய்ப் படுக்கும். தூங்குவதாக நினைத்துக்கொள்கிறோம். அது தின்றதைக் கவளம் கவளமாக வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு பசு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும். அந்த எச்சிலில் சோடா உப்பு இருக்கிறது. நொதிக்கும்போது உண்டாகும் அமிலத்தை அதுதான் தணிக்கிறது. உப்பு அவ்வளவு தேவைப்படுவதால்தான் மண்ணை நக்கும் இடங்களைத் தேடி அவை நடக்கின்றன. மழை கழுவித் தள்ளும் மலையில் உப்பு அரிய பொருள். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் மருந்தகத்தில் கூட்டம் எப்படியிருக்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்கப் புல்லும் வைக்கோலும் தின்ற மாட்டுக்கு அன்றைக்கு ஒரு அண்டா பொங்கல் கிடைக்கும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினாலும் இதே கதைதான். அரிசி மாவைத் தின்னும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகிப் பெருவயிறு முழுவதையும் அமிலமாக்கிவிடும். நாரை உடைக்கும் உயிர்கள் அந்த அமிலத்தில் செத்துப்போகும். வயிறு அசைவதை நிறுத்தும். அமிலம் ரத்தத்தில் கலக்கும். மாடு கால் தள்ளாடிப் படுத்துவிடும். ஒரே ஒரு பசுவை வைத்துக் குடும்பம் நடத்திய ஓர் அம்மா, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஆசையாத்தானே சார் வெச்சேன்" என்று அழுதது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பசுவை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

அந்தப் பசுவைத் தூக்கிவர ஆள் இருந்தது, மருந்து இருந்தது. விடுதியின் பின்பக்கம் கொட்டிய சோற்றைத் தின்ற கடமானுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கேயும் கொடைக்கானலிலும் காட்டுமாட்டுக்கும் மானுக்கும் பிரட் நீட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் நீட்டுவதில்லை. ஆனால் அந்தக் கையில் இருப்பது அந்த அம்மா வைத்த பொங்கல்தான். தின்றது காட்டுக்குள் போய்ப் படுத்துவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது.

பிளாஸ்டிக் பற்றியும் இந்த வயிற்றை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பெருவயிற்றிலிருந்து அடுத்த அறைகளுக்குப் போகும் வழி ஒரு சல்லடை மாதிரி. அசைபோட்டு நைந்த துணுக்குகள்தான் இறங்கும். பிளாஸ்டிக் பை நையாது, இறங்காது. உள்ளே போனது போனதுதான். ஊருக்குள் சுற்றிய பசு ஒன்றின் வயிற்றைக் கிழித்து நானே பைகளைக் கயிறு கயிறாக உருவி எடுத்திருக்கிறேன். வயிறு நிறைந்திருந்தது, மாடு எலும்பாக இருந்தது. ஏன் தின்கிறது என்று கேட்பீர்கள். சிப்ஸ் பொட்டலத்தில் உப்பு ஒட்டியிருக்கிறது. உப்புக்கு அலையும் விலங்குக்கு அந்த வாசம் போதும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பொட்டலங்கள் இன்னும் சாலையோரத்தில் கிடக்கின்றன.

யானையின் வழி வேறு. அது அசைபோடாது. ஒரே வயிறு, நொதிப்பு நடப்பது பின்னால் பெருங்குடலில். நிறையத் தின்று வேகமாக வெளியே தள்ளும். நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தின்று, அதில் பாதிகூடச் செரிக்காமல் விட்டுவிடும். இது வீண் இல்லை. லத்தியில் செரிக்காமல் வரும் விதைகள் தாய்மரத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி எருவோடு சேர்த்து விதைக்கப்படுகின்றன. வனவிலங்கு அறிஞர் ராமன் சுகுமார் 1980-களில் சத்தியமங்கலம், சாமராஜநகர் பக்கம் யானைகளைப் பின்தொடர்ந்து, அவை நூற்றுக்கும் மேற்பட்ட தாவரங்களைத் தின்பதைப் பதிவு செய்தார். மழைக்குப் பிறகு இளம்புல், கோடையில் தழையும் பட்டையும் என்று பருவம் பார்த்துத் தின்னும். அதற்கு இடம் மாறியாக வேண்டும். 2020-இல் மசினகுடிப் பக்கம் சீகூர் பகுதி யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அந்த வழியில் விடுதியும் நிலமும் வைத்திருந்த பலருக்கு வருத்தம் இருந்தது. அவர்கள் பிழைப்பு எனக்கும் தெரியும். ஆனாலும் யானைக்கு ஒரே இடத்தில் நின்று தின்னச் சாப்பாடு கிடையாது. நடக்கிற பாதைதான் அதன் சாப்பாடு.

ஒரு பழைய சேதியைச் சொல்ல வேண்டும். 1968-இல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோய் புகுந்தது. வீட்டு மாடுகளை வாரிக்கொண்டு போகும் நோய் அது. காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அங்கே அந்த இனம் மறுபடி தலையெடுக்க நெடுங்காலம் ஆனது. எனக்கு முந்தைய தலைமுறை மருத்துவர்கள் ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகப் போய் வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 2011-இல் உலகத்திலேயே வெக்கை நோய் இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான். ஊசி போட்டது தொழுவத்தில். பிழைத்தது காடும் சேர்ந்து. என் தொழிலில் நான் பெருமைப்படும் விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம்.

நோயை ஒழித்தோம். புல்லை என்ன செய்தோம்? நம் மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் சோலையும் புல்வெளியும் மாறி மாறி விரிந்த இடம். வெறும் புல் கிடக்கும் நிலத்தைத் தரிசு என்று கணக்கெழுதி, தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனும் சீகை மரத்தையும், விறகுக்கும் ஆலைக்கும் யூகலிப்டஸ் எனும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். சீகை தானாகவே பரவும் மரம். அதன் அடியில் புல் நிற்காது. முக்கூர்த்தியில் வரையாடு தின்ன வேண்டிய தட்டில் மரம் முளைத்துவிட்டது. நம் மாநில விலங்கு அது. பாறை விளிம்பில் நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாறை அதற்கு அடைக்கலம், சாப்பாடு பக்கத்துப் புல்வெளியில். 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள், அடுத்த ஆண்டு 1,303. எண்ணிக்கை கூடியது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு மாநிலம் முழுக்க இருக்கும் வரையாடு, இந்த ஊர்ச் சந்தைக்கு வருகிற சனத்தைவிட அதிகமில்லை.

கீழே முதுமலையில் லண்டானா எனும் உண்ணிச்செடி. அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த செடி. வழியில்லாமல் அதைத் தின்ற மாடுகளுக்கு ஈரல் கெட்டு, காமாலை வந்து, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். நான் பார்த்திருக்கிறேன். காட்டு விலங்குகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அது படர்ந்த இடத்தில் தொடுவதற்கு வேறு எதுவும் இல்லை. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அந்தத் தண்டை வெட்டி முழு உயர யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். அந்தச் செடிக்கு இதைவிட நல்ல பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடு நிற்பதைப் பார்த்தால், அது தேயிலைக்கு வரவில்லை. செடிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் இருக்கும் புல்லுக்கு வந்திருக்கிறது. கேரட்டுக்கும் கோஸுக்கும் வருவது உண்மை, விவசாயிகளின் நஷ்டமும் உண்மை. அந்த இழப்பீடு சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்று நானும் கேட்கிறேன். நிற்கும் மாட்டைச் சுற்றி நின்று போன் நீட்டுவதை மட்டும் விடுங்கள். அது படுத்து அசைபோட வேண்டிய நேரம். எழுப்பி ஓட்டினால் காலையில் தின்றதும் பாதிதான் அதற்கு. பக்கவாட்டில் திரும்பி, முதுகை உயர்த்தி, முழு உருவத்தையும் காட்டி நின்றால், எதிராளிக்குத் தன் பலத்தைக் காட்டுகிற நிலை அது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று சொல்லி வைத்த ஊரில், நம் தெரு எம்மாத்திரம்?

(உரை முடிந்ததும் அரவேணுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், எங்க வீட்டுப் பின்னால வயசான காட்டுமாடு ஒண்ணு தனியா தினமும் வருது. கழனித்தண்ணி மட்டும் வெக்கிறேன். அதுவும் கூடாதா?")

கூடாதம்மா. இன்றைக்குக் கழனித்தண்ணீர், நாளைக்கு அதில் பழையசோறு. அது உங்கள் வாசலைப் பழகிவிடும். ஒருநாள் இருட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளை குறுக்கே போகும். வயதான காளைகள் மந்தையை விட்டுத் தனியாகத்தான் திரியும், அதற்கு உதவி தேவை என்று அர்த்தமில்லை. குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள்.

("அப்ப பசியோட போகுமே சார்?")

உங்கள் வேலிக்கு மேலே சரிவில் என்னம்மா இருக்கிறது?

("உண்ணிச்செடிதான் சார். ஆள் உயரத்துக்கு.")

உங்கள் நிலம்தானே? மாடு அந்தப் புதருக்குள் படுத்திருந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அதுவே ஆபத்து. அதை எடுத்துவிடலாம். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தரைக்குக் கீழே வேரின் கழுத்தில் வெட்டித் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். மழைக்கு முன்னால் செய்தால் அந்த மழையிலேயே புல் தலை காட்டும். நான்கு பேர் இருந்தால் இரண்டு நாள் வேலை. வருகிற சனிக்கிழமை நான் கடப்பாரையோடு வருகிறேன். வீட்டு அடையாளம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.