பாட்டி வெட்டிய பால் போன ஊர்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

நொடித்துப் போன ஒரு தொழில் நகரம் மறுபடி எழுந்து நிற்குமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராயிட்டை எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் இருக்கும் நமக்கு அது எட்டாத தொலைவில் உள்ள ஊர்தான். ஆனால் என் வீட்டுக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடுப்பு உண்டு.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுத்தவர். இருட்டோடு எழுந்து தன் மரவரிசையான நிரைக்குப் போவார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்த பால் உறைந்து, ஷீட்டாகி, புகைவீட்டில் காய்ந்து, கட்டுக்கட்டாகப் பினாங்குத் துறைமுகத்துக்கு வரும். அங்கே அதைத் தோளில் சுமந்தவர் என் அப்பா. கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெள்ளை மாவு பூசியிருப்பார்கள். சாயங்காலம் அப்பா வரும்போது தோளும் காதுமடலும் வெளுத்திருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். மலாயாக் கித்தா பெருமளவு அமெரிக்காவுக்குத்தான் போனது. ஓஹாயோவில் அக்ரன் என்ற ஊரில் டயராகி, டெட்ராயிட்டில் கார்களுக்கு ஏறியது.

1950-இல் டெட்ராயிட்டில் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2010-இல் 7 லட்சத்துச் சொச்சம். கார் ஆலைகள் முதலில் நகருக்கு வெளியே போயின, பிறகு வேறு மாநிலங்களுக்கே போயின. வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1967-இல் அங்கே வெடித்த இனக் கலவரத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடனும் புறநகர் வீடும் எட்டாதபடி தடுத்து வைத்திருந்த காலம் அது. அவர்கள் தங்கிவிட்டார்கள்.

டெட்ராயிட் நம் பினாங்குத் தீவைவிடப் பரப்பில் பெரியது. ஆட்கள் போய்விட்டார்கள் என்பதற்காகத் தண்ணீர்க் குழாய் சுருங்குமா? சாலையின் நீளம் குறையுமா? பதினெட்டு லட்சம் பேருக்குப் போட்ட குழாயையும் விளக்கையும் ஏழு லட்சம் பேர், அதுவும் இருப்பதிலேயே ஏழைகள், வரி கட்டிக் காப்பாற்ற வேண்டும். வரியைக் கூட்டினால் இன்னும் நாலு பேர் கிளம்புவார்கள். கடன் வாங்கினால் வட்டி. இந்தச் சுழலில் நாற்பது ஐம்பது வருடம் சுற்றி, 2013 ஜூலை 18-ஆம் தேதி நகராட்சி நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 18 பில்லியன் டாலர். அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்கு முன் அவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. அந்த நேரத்தில் தெருவிளக்குகளில் பத்துக்கு நான்கு எரியவில்லை.

நொடித்தவன் வீட்டில் முதலில் எதை விற்பார்கள்? நகையை. டெட்ராயிட்டின் நகை அதன் கலைக்கூடம். வான்கோ வரைந்த ஓவியங்கள் வரை எல்லாம் அப்போது நகராட்சியின் சொத்து. கடன்காரர்கள் அதன் மேல் கண் வைத்தார்கள். மறுபக்கம் குப்பை அள்ளியவர்கள், பேருந்து ஓட்டியவர்கள், தீயணைத்தவர்கள் தங்கள் ஓய்வூதியத்தை எண்ணித் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள். அந்தக் கலைக்கூடத்தின் நடுக்கூடத்துச் சுவர்களில் மெக்சிகோ ஓவியர் டியாகோ ரிவேரா 1932-லும் 33-லும் வரைந்த 27 சுவரோவியங்கள் இருக்கின்றன. பெரிய சுவர்கள் இரண்டிலும் தொழிலாளிகள்: குனிந்தும் இழுத்தும் எஞ்சினைத் தூக்கியும் நிற்கிறவர்கள். ஓவியத்தை விற்பதா, அந்த ஓவியத்தில் இருப்பவனின் பென்ஷனை வெட்டுவதா என்று வழக்கு வந்து நின்றது.

கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் ஓய்வூதிய நிதிக்குத் தர ஒப்புக்கொண்டன. ஓவியங்கள் தப்பின. பெரும் வெட்டிலிருந்து ஓய்வூதியமும் தப்பியது. ஆனாலும் போலீஸ், தீயணைப்பு அல்லாத மற்ற ஊழியர்களுக்கு 4.5 விழுக்காடு குறைந்தது, விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் நின்றது. இதை நல்ல சமரசம் என்று பலர் பாராட்டுகிறார்கள். என் மனம் ஒப்பவில்லை. உழைத்து முடித்தவனுக்குக் கொடுத்த வாக்கு, வங்கிக்குக் கொடுத்த வாக்கைவிட மூத்தது.

2014 டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. 2016 முடிவதற்குள் 65,000 புதிய விளக்குகள் எரிந்தன. 1988-இல் மூடிப் பாழாய்க் கிடந்த பெரிய ரயில் நிலையத்தை ஃபோர்டு கார் நிறுவனம் வாங்கிப் புதுப்பிக்க, 2024 ஜூனில் கதவு திறந்தது. 1957-க்குப் பிறகு முதன்முறையாக 2023-இல் மக்கள்தொகை கொஞ்சம் ஏறியதாக அந்நாட்டுக் கணக்கு சொல்கிறது. ஆக, எழுமா என்றால், எழும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நானே ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1969-இல் எங்கள் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை போனது. துறைமுகத்தில் சரக்கு குறைந்தது. ஊரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வேலையில்லை. அதே நேரத்தில் சிவப்பு அடையாள அட்டைக்காரர்களிடம், அதாவது குடியுரிமை இல்லாதவர்களிடம், வேலை பெர்மிட் கேட்டார்கள். எங்கள் எதிர் அறையில் இருந்த மாமாவிடம் சிவப்பு அட்டைதான். அப்பாவோடு ஒரே கும்பலில் மூட்டை தூக்கியவர். ஒரு தகரப் பெட்டியோடு ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார். அப்பா கரையில் நின்று கப்பல் மறையும்வரை பார்த்தார். அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்தபோது, 1972-இல், பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. இன்டெல் வந்தது, வேறு பலரும் வந்தார்கள். ஊர் நிமிர்ந்தது. அதில் நான் மதிப்பது ஒன்று: வேலை படித்தவர்களுக்கு மட்டும் வரவில்லை, பள்ளியில் ஐந்தாம் பாரத்தோடு நின்ற என் அக்காவைத் தேடி வீட்டு முனைக்குத் தொழிற்சாலை பஸ் வந்தது. எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டுவார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலையும் அப்பாவுக்குச் சட்டையும் வாங்கினார். அப்பாவின் வேலை போய் நான்கு வருடம் கழித்து வீட்டுக்குள் வந்த முதல் முழுச் சம்பளம் அது.

எழுந்த ஊரில் யார் மிஞ்சினார்கள் என்றும் பார்க்க வேண்டும். மாமா திரும்பவில்லை. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளிலிருந்து பலர் வெளியேறினார்கள். எங்கள் தெருவில் மாவரைத்தவரும் பூக்கட்டியவரும் பாயா தெருபோங், ரெலாவ் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், அறை வாடகை ஏறியது. டெட்ராயிட்டின் நகர மையத்திலும் இப்போது வாடகை ஏறுகிறது என்கிறார்கள். இருட்டில் கிடந்தபோது ஊரை விட்டுப் போகாதவர்கள், விளக்கு எரிந்த பிறகு போகும்படி ஆகக் கூடாது. அதற்கு வாடகைக்குச் சட்டம் வேண்டும், பழையவர்களுக்கென்று ஒதுக்கிய வீடு வேண்டும். முதலாளியை அழைக்கிற அதே வாரத்தில் இதையும் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றால் நடக்காது, ஜார்ஜ்டவுனில் நடக்கவில்லை.

அக்காவும் ரெலாவ் பக்கம்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் அம்மனுக்கு மாலை கட்ட உட்காருவார். தங்கக் கம்பியை ஒட்டிய அந்தக் கைக்கு இப்போது ஊசியின் காது தட்டுப்படுவதில்லை. "தம்பி, இதைக் கொஞ்சம் கோத்துக் கொடுடா" என்பார். கோத்துக் கொடுத்துவிட்டு, மாலை முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

நன்றி. வணக்கம்.